தையற்காரியின் காரணம்

நூலகத்தின் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கும் பழைய நாளிதழ்க் கட்டுகள் கிடக்கும் அறைக்கும் நடுவே இருந்தது பேசும் புத்தகப் பிரிவு. பத்துக்குப் பத்து அறை. நாலு சுவரிலும் பஞ்சு வைத்த பலகை. ஜன்னலை அடைத்து அதன்மேல் ஒரு பழைய கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், சத்தம் போடாத ஒரு நாற்காலி. அந்த நாற்காலியைக் கண்டுபிடிக்கவே மூன்று மாதம் ஆயிற்று. நூலகத்தில் இருந்த மற்ற நாற்காலிகள் எல்லாம், கதையில் யாராவது சாகப்போகிற நேரமாகப் பார்த்துக் கிறீச்சிட்டன.

அங்கே உட்கார்ந்து, பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறவளை எல்லாரும் குரலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்து நாலு. அதற்கு முன்னால் இருபது வருஷம் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் ஸ்விட்ச்போர்டைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். கூடவே அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குரல் மட்டும் கெடாமல் இருந்தது. அதை வைத்துத்தான் இந்த வேலை கிடைத்தது.

தினம் ஐந்து மணி நேரம் வாய் ஓயாமல் பேசுவாள். ராஜாவாகப் பேசுவாள், திருடனாகப் பேசுவாள், பிரசவ வலியில் கத்துவாள். வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால் பேச ஆள் கிடையாது. இரண்டு அறை வீடு. கட்டில் போட்டது ஒன்று, அடுப்பு வைத்தது ஒன்று. சில நாள் காலையில் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதுதான் அன்றைக்கு முதல் வார்த்தை வெளியே வரும். கரகரவென்று, வேறு யாரோ பேசுவதுபோல இருக்கும்.

பதிவு அறைக்கு வெளியே ஒரு போன் இருந்தது. கேட்கிறவர்கள் தங்கள் கருத்தைச் சொல்வதற்காக வைத்தது. கருத்துச் சொல்லத்தான் யாரும் இல்லை. ஒரே ஒருவர் மட்டும் வியாழக்கிழமை தவறாமல் பதினோரு மணிக்குக் கூப்பிடுவார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய் ஏழு வருஷம் ஆகிறது. மனைவி இல்லை. ஒரே மகன் வெளிநாட்டில் இருந்தான். ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார்.

"ரயில்ல போற எல்லாரும் முன்னால பார்த்துப் போவாங்கம்மா. கடைசிப் பெட்டியில நின்னு பின்னால பார்த்தே முப்பத்து நாலு வருஷம் போனவன் நான்" என்று முதல் தடவை பேசும்போதே சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். அதிலிருந்து வியாழக்கிழமை காலையில் அவள் பதிவு எதுவும் வைத்துக்கொள்வதில்லை.

இருவரும் நேரில் பார்த்ததில்லை. பேச்செல்லாம் புத்தகத்தைப் பற்றித்தான். அவர் சரியான கண்டிப்புக்காரர். கதாபாத்திரம் ஏதாவது தப்புச் செய்தால் தன் பெட்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் பார்ப்பதுபோல கோபப்படுவார்.

அந்த வருஷம் அவளுக்கு வாசிக்கக் கொடுத்தது ஒரு நாவல். அதில் ஒரு தையற்காரி வருகிறாள். தாய் தகப்பன் இல்லாத தன் அண்ணன் மகளை ஐந்து வயதிலிருந்து வளர்க்கிறாள். தான் பட்டினி கிடந்து அவளுக்குப் போடுகிறாள். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதாகும்போது நல்ல இடத்திலிருந்து வரன் வருகிறது. பெண்ணுக்கும் பையனைப் பிடித்திருக்கிறது. பையன் வீட்டார் வந்து உட்கார்ந்து எல்லாம் பேசி முடிக்கப் போகும்போது தையற்காரி மெதுவாகச் சொல்கிறாள்: "அவளுக்கு அப்பப்ப வலிப்பு வரும். மறைக்கக் கூடாதுல்ல." அது பொய். வந்தவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். பதினோராவது அத்தியாயம் அங்கே முடிகிறது.

நூலகம் அத்தியாயங்களைப் பதிவு ஆக ஆகப் பென் டிரைவில் போட்டு, கேட்கிறவர்களுக்குத் தபாலில் அனுப்பிவிடும். பதினோராவது அத்தியாயம் போய்ச் சேர்ந்த வாரம் கார்டு சார் கூப்பிட்டார்.

"என்னத்தைச் சொல்ல! இந்தத் தையக்காரி மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லைம்மா. தண்ணி கொண்டுவந்து வைக்கிற மாதிரி எவ்வளவு சாதாரணமா சொல்றா பாருங்க. எனக்கு அவ தையல் மிஷினைத் தூக்கி வெளியே எறியணும் போல இருந்துச்சு."

"உங்க வீட்டுல மிஷின் இல்லையே சார்."

"இருந்தா எறிஞ்சிருப்பேன்." அவர் சிரிக்கவில்லை. "ஆனா ஒண்ணு. ஏன் அப்படிச் சொன்னாள்னு எழுதினவர் ஒரு வார்த்தை சொல்லலையே? பத்து அத்தியாயமா அவ கெட்டவ இல்லை. காரணம் இல்லாம செய்வாளா?"

"காரணம் தெரிஞ்சா என்ன சார் ஆகும்?"

"திட்டறதுக்கு முன்னால கொஞ்சம் யோசிப்பேன். வேறென்ன ஆகும்? பின்னால எங்கேயாவது வருதா? நீங்க முழுசாப் படிச்சிருப்பீங்களே."

"பார்க்கலாம் சார்" என்றாள்.

அவள் முழுசாகப் படித்திருந்தாள். காரணம் எங்கேயும் வரவில்லை. தையற்காரி செய்தாள் என்பதோடு நாவலாசிரியர் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணோடு போய்விடுகிறார். குரலக்கா அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், ஏதாவது ஒரு வரி தன் கண்ணில் படாமல் போயிருக்குமோ என்று மறுபடியும் தேடினாள். இல்லை. அவளுக்கு அது பொறுக்கவில்லை. ஏனென்றால் காரணம் அவளுக்குத் தெரியும்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். இப்போதும் இருக்கிறாள், பேச்சுவார்த்தைதான் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பகலில் தங்கை பார்த்துக்கொள்வாள். ஆபீஸ் முடிந்து வந்து அக்கா பார்த்துக்கொள்வாள். தங்கைக்குக் கோடு போடுவதில் அப்படி ஒரு கை. பென்சிலைப் பிடித்தால் ஸ்கேல் வேண்டாம். வரைபடம் வரையும் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். வேறு ஊரில் தங்கி இரண்டு வருஷம் படிக்க வேண்டும், முடித்தால் சர்வே ஆபீஸில் வேலை நிச்சயம். வீட்டில் போன் கிடையாது. அதனால் அக்காவின் ஆபீஸ் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்விட்ச்போர்டில் விளக்கு எரிந்தது. பயிற்சி நிலையத்திலிருந்து பேசினார்கள். தங்கை தேர்வாகியிருக்கிறாள், திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும், வருவாளா மாட்டாளா என்று இப்போதே சொன்னால் நல்லது, காத்திருப்போர் பட்டியலில் ஆள் இருக்கிறது.

"அவங்களுக்கு விருப்பம் இல்லைங்க" என்றாள் அக்கா. தினம் நூறு பேரிடம் "சார் சீட்ல இல்லைங்க" என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். எதிர்முனையில் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த விளக்கு எரிந்தது. எடுத்தாள்.

எட்டு மாதத்தில் அம்மா இறந்துபோனாள். தங்கை அதே படிப்புக்கு மறுபடியும் விண்ணப்பித்தாள். பதில் வராததால் அடுத்த வருஷம் நேரிலேயே போனாள். அங்கிருந்த குமாஸ்தா பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டீங்களே" என்றார். தேதி போட்டு எழுதியிருந்தது: விருப்பமில்லை எனத் தொலைபேசியில் தெரிவித்தார். அதற்குள் வயது வரம்பும் தாண்டிவிட்டது. தங்கை வீட்டுக்கு வந்து கேட்டாள். அக்கா காரணம் சொன்னாள். ஒரு மணி நேரம் சொன்னாள். தங்கை கேட்டு முடித்து, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போனவள்தான்.

இந்த விஷயம் குரலக்காவைத் தவிர அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. சொல்லும்படி யாரும் கேட்டதும் இல்லை.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை ஒரு திங்கட்கிழமை பதிவு செய்தாள். வெளியே நல்ல வெயில். அறைக்குள் விளக்கு வெளிச்சம்தான். அத்தியாயத்தின் கடைசி வரி: "தையற்காரி கதவைச் சாத்திவிட்டு மிஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்." வாசித்துவிட்டு, மைக்கை நிறுத்தக் கையை நீட்டினாள். கை பாதி வழியில் நின்றது. வாய் தானாகப் பேச ஆரம்பித்தது.

"அவள் தைக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயதிலேயே முதுகு வலி வந்துவிட்டது. தன்னை யாராவது பெண் பார்க்க வருவார்கள் என்று காத்திருந்த வருஷங்களில் அவள் அப்பாவுக்கு மருந்து கொடுத்தாள். பிறகு அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தாள். இந்தப் பெண்ணும் போய்விட்டால் வீட்டில் தான் மட்டும்தான். நீ சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் எத்தனை நாள் ஒருத்தி சாப்பிட முடியும்? அவள் கெட்டது நினைக்கவில்லை. கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்றுதான் நினைத்தாள்..."

இப்படி நாலு நிமிஷம். நாவலில் தையற்காரிக்குப் படுத்த படுக்கையாக அம்மா யாரும் இல்லை என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. முடித்ததும் முகம் வியர்த்திருந்தது. கம்ப்யூட்டரில் அந்த நாலு நிமிஷம் பச்சைக் கோடாக மேலும் கீழும் ஓடியிருந்தது. மவுஸை இழுத்து, அதைச் சுற்றிப் பெட்டி போட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். இருமலையும் தும்மலையும் தினம் அப்படித்தான் வெட்டுவாள். இதை வெட்டவில்லை. பெயர் போட்டுச் சேமித்து, அனுப்பும் பிரிவுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

பத்து நாள் கழித்து வியாழக்கிழமை கார்டு சார் கூப்பிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"பன்னிரண்டாவதைக் கேட்டேன். கடைசிப் பகுதியை மூணு தடவை கேட்டேன்."

"காரணம் கேட்டீங்களே சார். வந்துடுச்சு பார்த்தீங்களா?" தன் குரலில் இருந்த ஆவலை அவளே கேட்டாள்.

"வந்துச்சு. எல்லாம் நியாயமான காரணம்தான். அப்பா, அம்மா, முதுகு வலி. ஒண்ணையும் மறுக்க முடியாது. இதுக்கு முன்னால அவ மேல எனக்குக் கோபம் இருந்துச்சு, ஆனாலும் எங்கேயோ ஒரு பாவமும் இருந்துச்சும்மா. இப்ப அந்தப் பாவம் போயிடுச்சு."

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"என் பையன் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசுவான். ஏன் வர முடியலைன்னு சொல்லுவான். லீவு இல்லை, பிள்ளைக்குப் பரீட்சை, மனைவிக்கு உடம்பு சரியில்லை. பொய் இல்லைம்மா, எல்லாம் நிஜம். அவன் பேசி முடிக்கிற வரைக்கும் நான் 'சரிப்பா, சரிப்பா'ன்னுட்டே இருப்பேன். நீ எப்படிப்பா இருக்கேன்னு அவன் என்னைக் கேக்கறதுக்குள்ள போன் கார்டுல காசு தீர்ந்துடும். இந்தத் தையக்காரியும் அப்படித்தான் பேசறா. நாலு நிமிஷம் பேசறா. அந்தப் பொண்ணு உள்ளே என்ன பண்ணிட்டு இருந்தாள்னு அதுல ஒரு வரி இருக்கா? அழுதாளா, சாப்பிட்டாளா, சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாளா? பொண்ணே இல்லை அதுல."

குரலக்கா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றார் அவர். "நீங்க வாசிக்கும்போது ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கம் திருப்பற சத்தம் லேசா வரும். எனக்கு அது பிடிக்கும், ஸ்டேஷன் தாண்டற மாதிரி. இந்த நாலு நிமிஷத்துல ஒரு பக்கம்கூடத் திரும்பலையேம்மா. ஏன்?"

பொய் சொல்ல அவளுக்கு வழி இருந்தது. புதுப் பதிப்பு, பெரிய பக்கம், எழுத்துச் சின்னது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"அது புத்தகத்துல இல்லை சார். நானாச் சொன்னது."

எதிர்முனையில் எங்கேயோ ஒரு குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அப்ப அது தையக்காரியோட காரணம் இல்லை."

"இல்லை சார்."

"உங்களோடதா?"

"ஆமா." அவள் சொன்னாள். செவ்வாய்க்கிழமை, ஸ்விட்ச்போர்டு, விருப்பம் இல்லைங்க, கோப்பில் எழுதியிருந்த வரி, பெட்டி. இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனிதரிடம் சொன்னாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நாளிதழ்க் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். அவர் போகும்வரை மட்டும் நிறுத்தினாள்.

முழுக்கக் கேட்டுவிட்டுக் கார்டு சார் சொன்னார்: "நீங்க தையக்காரியா இருந்திருந்தா இந்நேரம் திட்டித் தீர்த்திருப்பேன். உங்களைத் திட்ட வாய் வரலை. நீங்க சொன்ன காரணத்தாலயா? அப்படித் தோணலை. உங்களைத் திட்டிட்டா அப்புறம் வியாழக்கிழமை நான் யாரோட பேசறது? அதான். இது ஒரு நியாயமா சொல்லுங்க?"

"தெரியலை சார்."

"எனக்கும் தெரியலை. உங்க தங்கச்சி இதைக் கேட்டா என்னைக் காறித் துப்பும்." பிறகு, "தங்கச்சிக்கு அந்த வருஷம் எப்படி இருந்துச்சாம்?" என்று கேட்டார்.

"தெரியாது சார். கேட்டதில்லை."

"ம்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அன்று மத்தியானமே அவள் நூலகரிடம் போய் நின்றாள். நூலகர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர்; படபடவென்று பேசுகிறவர், ஆனால் நல்லவர். விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னக்கா இது? முப்பத்தோரு பேருக்கு அனுப்பியாச்சு. எழுதினவருக்குத் தெரிஞ்சா நம்ம பிரிவையே இழுத்து மூடிடுவாங்க. இதைப் பாருங்க." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். ஒரு கல்லூரிப் பெண், யாரையோ வைத்து எழுத வைத்தது. பன்னிரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியைக் கேட்டு அழுதுவிட்டேன், தையற்காரியை அதுவரை வெறுத்தேன், இப்போது அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது, இந்த நாவலிலேயே மிகச் சிறந்த இடம் அதுதான் என்று எழுதியிருந்தது. "இந்தப் பொண்ணுக்கு நான் என்னன்னு பதில் எழுதறது? நீ அழுதது புத்தகத்துல இல்லைன்னா?"

குரலக்கா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். இத்தனை வருஷமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தைகள்தான் அதில் இருந்தன. ஆனால் அந்தப் பெண்ணை நினைத்தால் அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. யாருடைய சாப்பாட்டையோ தனக்கென்று வாங்கிச் சாப்பிட்டதுபோல இருந்தது.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க? என்ன காரணம்?" என்றார் நூலகர்.

காரணம் தொண்டை வரைக்கும் வந்தது. அவளுக்கு அது மனப்பாடம். "தப்புப் பண்ணிட்டேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

பென் டிரைவ்களைத் திரும்ப வரவழைத்தார்கள். ஒரு மாதம் அவளைப் பதிவுக்கு வர வேண்டாம் என்றார்கள். வீட்டில் இரண்டு அறைக்கும் நடுவே நடந்தாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பாத்திரம் தேய்த்தாள். கார்டு சாரின் நம்பர் அவளிடம் இல்லை. நூலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் குளித்து, நல்ல புடவை கட்டி, இரண்டு பஸ் மாறிப் போனாள். தங்கை ஒரு கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகப் பெரியம்மா மகள் எப்போதோ சொல்லியிருந்தாள். வெறுங்கையோடு கடை வாசலில் நிற்க முடியாது என்று, தன் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டாள்.

கடை ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம் போல இருந்தது. உள்ளே இரண்டு மிஷின். ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காகிதம் சூடாகும் வாசனை. வரிசையில் நாலு பேர், எல்லாரும் கையில் கட்டுக் கட்டாகத் தாள் வைத்திருந்தார்கள். தங்கையின் தலை முன்பக்கம் முழுவதும் நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். தாள்களைத் தட்டி விளிம்பு சேர்க்கும்போது விரல்கள் மட்டும் பழைய விரல்களாக இருந்தன.

வரிசை நகர்ந்தது. தங்கை நிமிராமலே, "எத்தனை காப்பி?" என்றாள்.

"ஒண்ணு போதும்."

அந்தக் குரல் யாருக்கும் மறக்காது. தங்கை நிமிர்ந்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கையை நீட்டி அட்டையை வாங்கி, மூடியைத் தூக்கி, கண்ணாடிமேல் வைத்தாள். பச்சை வெளிச்சம் ஓடியது. அட்டையைத் திருப்பிப் போட்டாள். மறுபடியும் ஓடியது.

"என்ன வேணும்?" என்றாள். 'அக்கா' இல்லை.

"அந்த வருஷம் உனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்கலாம்னு வந்தேன்."

"எந்த வருஷம்?"

"அவங்ககிட்டேருந்து போன் வரும் வரும்னு நீ காத்துட்டு இருந்தியே."

பின்னால் நின்ற வக்கீல் குமாஸ்தா, "அம்மா, எனக்குப் பன்னிரண்டு மணிக்குக் கோர்ட்டு" என்றார். தங்கை அவர் கட்டை வாங்கி மிஷினில் வைத்தாள். மிஷின் ஒவ்வொரு தாளாக இழுத்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"தினம் சாயங்காலம் அஞ்சேகாலுக்கு உன் ஆபீஸ் கேட்டுக்கு வருவேன். அம்மாவைப் பக்கத்து வீட்டுல சொல்லிட்டு ஓடி வருவேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்தாலே சிரிப்பார். நீ இறங்கி வருவே. போன் வந்துச்சான்னு கேப்பேன். 'இல்லடி'ன்னு சொல்லுவே. மூணு மாசம் கேட்டேன். ஒரு நாள் மழை. நான் நனைஞ்சு போயிருந்தேன். உன் முந்தானையால என் தலையைத் துவட்டிட்டே 'இல்லடி'ன்னு சொன்னே."

குரலக்காவுக்கு அந்த மழை நினைவில்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

"நான் வரைஞ்சது சரியில்லைன்னு நெனச்சேன்" என்றாள் தங்கை. "அவங்களுக்கு அனுப்பின படத்தை மறுபடி மறுபடி மனசுல போட்டுப் பார்ப்பேன். எந்தக் கோடு தப்பாப் போச்சுன்னு. அதுக்கப்புறம் கோடு நேரா வரலை. நிஜமாவே வரலை."

"அம்மா இருந்த நிலைமையில..." என்று அவளையறியாமல் வந்துவிட்டது குரலக்காவுக்கு. வாயை மூடிக்கொண்டாள்.

தங்கை அவளைப் பார்த்தாள். "புரியாம இல்லை. அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க ரெண்டு பேர் வேணும், எனக்குத் தெரியாதா? நீ ஏன் பண்ணேன்னு ரொம்ப நாளைக்கு முன்னாலயே புரிஞ்சுடுச்சு. புரிஞ்சு ஒண்ணும் ஆகலை. என்கிட்டக் கேட்டிருந்தா நான் போகாம இருந்திருப்பேனோ, இல்லை உன்னையும் அம்மாவையும் விட்டுட்டுப் போயிருப்பேனோ. நான் எப்படிப்பட்டவள்னு எனக்கே தெரியாமப் போச்சு. அதைத் தெரிஞ்சுக்க விடாமப் பண்ணிட்டே நீ."

மிஷின் நின்றது. தங்கை தாள்களைத் தட்டிச் சேர்த்துக் குமாஸ்தாவிடம் கொடுத்தாள். அவர் எதையும் கேட்காதவர்போல எண்ணிப் பார்த்துக்கொண்டு போனார். அடையாள அட்டையும் நகலும் மேசைமேல் கிடந்தன.

"எடுத்துக்கோ. அடுத்தாள் நிக்கறாங்க."

குரலக்கா எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். மூன்று பஸ் போயிற்று. ஏறவில்லை. கோர்ட்டு இடைவேளைக்குக் கூட்டம் கடையை மொய்த்தது. ஒரு மிஷினில் தாள் சிக்கி, தங்கை கதவைத் திறந்து குனிந்து இழுத்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் அடுக்காத தாள் குவிந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள்.

அவள் ரோட்டைத் தாண்டிப் போய் மேசையோரம் நின்றாள். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையிலிருந்த கறுத்த துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே, "மூணு மூணா அடுக்கிப் பின் அடி. முதல் பக்கத்துல முத்திரை இருக்கும்" என்றாள்.

குரலக்கா அடுக்கினாள். முதல் பத்துக் கட்டு கோணலாகப் போயிற்று. தங்கை பேசாமல் வாங்கி, பின்னைக் கழற்றி, நேராக்கித் திரும்ப அடித்தாள். அதற்கப்புறம் சரியாக வந்தது. ஒரு மணி நேரம் இருவரும் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. "கத்தரி." "அந்தப் பக்கம்." "இது யாரோடது?" அவ்வளவுதான்.

கூட்டம் வடிந்தது. தங்கை ஷட்டரைப் பாதி இறக்கினாள். மிஷினுக்குப் பின்னாலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து, கடையிலிருந்த ஒரே ஸ்டூலில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து திறந்தாள். அக்காவுக்கு முதுகுதான் தெரிந்தது. தோள் இரண்டும் லேசாக முன்னால் வளைந்திருந்தன. அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

உட்கார் என்று தங்கை சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. சாப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. குரலக்கா மீதிப் பின்களைப் பெட்டியில் போட்டு மூடினாள். விரல் நுனியெல்லாம் மை. குனிந்து, பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் வெளியே வந்தாள். வெயிலில் ஒரு நிமிஷம் கண் தெரியவில்லை. சற்று முன் நின்றிருந்த பஸ் நிறுத்தம்கூட எந்தப் பக்கம் என்று தெரியாமல், வழியில் வந்த ஒருவரிடம் கேட்டாள். அவர் கையைக் காட்டினார்.